மண் எழுதிய வரைபடம் – 9: குழவி இல்லாமல் குழி இல்லை

பெரியகுளத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் போனால் கும்பக்கரை. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் பாம்பாறு அங்கே அகலமான பாறைமேல் வழிந்து வருகிறது. பாறையில் ஆழமான பள்ளங்கள் உண்டு. யானை கெஜம், பாம்பு கெஜம், அண்டா கெஜம் என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

தண்ணீர்தான் இவற்றைக் குடைந்தது என்பது பாதி உண்மை. வெறும் தண்ணீர் இந்தப் பாறையை அசைக்காது. வெள்ளத்தில் உருண்டு வரும் கல் ஒரு சின்னப் பள்ளத்தில் சிக்க வேண்டும். சுழல் அதை ஆட்டுக்கல் குழவியைப் போலச் சுற்ற வேண்டும். குழவி தேய்ந்து உருண்டையாகும், குழி ஆழமாகும். தேய்ந்ததை அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போய், வேறொரு குழவியைக் கொண்டுவந்து போடும்.

அரைபடுவதும் லேசுப்பட்ட பாறை அல்ல. பழனி மலையின் சார்னகைட், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்து இறுகியது. அதன்மேல் கிடந்ததெல்லாம் அரிக்கப்பட்டுக் கடலுக்குப் போய்விட்டது. கொடைக்கானல் இன்று 2,100 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றால், அரிப்புக்கு ஈடுகொடுத்து மிஞ்சியதால்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்தப் பாறையின் கடினத்துக்கும் மலைகளின் வடிவத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர் நிலவடிவியல் அறிஞர் யான்னி குன்னெல். அவரும் பி.பி. ராதாகிருஷ்ணாவும் தொகுத்த ‘சஹ்யாத்ரி’ என்ற ஆய்வுத் தொகுதியை இந்திய நிலவியல் சங்கம் 2001இல் வெளியிட்டது.

இப்படி உருண்டு தேய்ந்த கற்களைத் தேடி இனி செவ்வாய்க்குப் போவோம். 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, சில வாரங்களுக்குள் சிமென்ட் போட்டு இறுக்கியதுபோல் கிடந்த சரளைப் பாறையைப் படம் பிடித்தது. உள்ளே கூழாங்கற்கள், சில கோல்ஃப் பந்து அளவு. அந்த அளவுக் கல்லைக் காற்று தூக்கிவராது. முனை மழுங்கியிருப்பதால் உருண்டுதான் வந்திருக்க வேண்டும். கணுக்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட ஆழம், நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகம் என்று அந்த ஆற்றைக் கணக்கிட்டார்கள்.

டைட்டன் இன்னும் விசித்திரம். சனியின் இந்த நிலவில் 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் இறங்கியபோது, வழியில் கிளைவிட்டோடும் ஆற்றுத் தடங்களையும் தரையில் உருண்டைக் கற்களையும் கண்டது. வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி செல்சியஸ். அங்கே பெய்வது மீத்தேன் மழை. அந்தக் கற்கள் பனிக்கட்டி. அந்தக் குளிரில் பனிக்கட்டி பாறையைப் போலக் கெட்டி. நம்மூர்த் தண்ணீரில் மிதக்கும் பனிக்கட்டி, மீத்தேனில் மூழ்கிவிடும்; ஆகவே ஆற்றடியில் உருண்டு தேய்கிறது. ஈர்ப்பு பூமியினுடையதில் ஏழில் ஒரு பங்குதான். ஆனாலும் வேலை நடக்கிறது.

பாயும் திரவமும் அதில் உருளும் திடப்பொருளும் இருந்தால் போதும், ஆறு எங்கும் ஆறுதான். ஆனால் விண்கலப் படத்தில் தெரியும் ஒவ்வொரு வாய்க்காலையும் ஆறு என்று எழுதிவிடக் கூடாது. எரிமலைக் குழம்பும் அப்படி ஓடித் தடம் போடும். அதனால்தான் கிரகங்களை ஆராய்கிறவர்கள் முதலில் பூமியின் ஓடைகளில் இறங்கிக் கல்லை அளக்கிறார்கள்.

நம் நிலவில் ஆறே கிடையாது. ஆனால் நிலவின் மண்ணைப் போலவே ஒரு மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டபோது கைகொடுத்தது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் பாறை. அந்தக் கதை அடுத்த வாரம்.