சிறிய நீராவிப் பொறி

அடுப்பில் நீர் கொதிக்குங்கால் கலத்தின் மூடி துள்ளுவதை யாவரும் கண்டிருப்பர். அம்மூடியைத் தூக்கும் ஆற்றலே உலகின் தொழில்முறையை மாற்றியமைத்தது. ஒரு படி நீர் ஆவியானால் 1,600 படிக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். அவ்விடம் கிடைக்காவிடின், தன்னை அடைத்து வைத்த கலத்தின் சுவரை எல்லாப் பக்கத்தும் அழுத்தும். அவ்வழுத்தத்தை ஒரு வழியிற் செலுத்தி வேலை வாங்கும் கருவியே நீராவிப் பொறியாகும்.

கடலூர் மாவட்டம் இவ்வாற்றலை நன்கறிந்தது. கடலூரினின்று சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை செல்லும் மீட்டர் இருப்புப்பாதையில் நெடுங்காலம் நீராவி வண்டிகள் ஓடின. அவை ஓய்வுபெற்றன, பின்னர் அப்பாதையும் 2010-ஆம் ஆண்டில் அகலப்பாதையாயிற்று. எனினும் நீராவி இம்மாவட்டத்தை விட்டு நீங்கவில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி ஆக்குகின்றனர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்துப் பெறும் நீராவி, 1962-ஆம் ஆண்டு முதல் மின்னாக்கும் சுழலிகளை இயக்கி வருகின்றது. ஆயின் ஆங்கெல்லாம் நீராவி இரும்புச் சுவர்களுக்குள் மறைந்து தொழில் புரிவதால், அதன் போக்கைக் கண்ணாற் காண்டல் அரிது. அதனை விளங்கக் காட்டவல்லது மேசைமேல் வைத்து ஓட்டத்தக்க சிறிய பொறி. இத்தகைய பொறிகளைத் தம் கையாலேயே செய்து ஓட்டுவதை இனிய பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளில் உளர்.

இப்பொறிக்குக் கொதிகலன், உருளை, சக்கரம் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. செப்புக் குழாயின் இரு முனைகளையும் செப்புத் தகட்டால் அடைத்துக் கொதிகலன் செய்வர். மூட்டுவாய்களை வெள்ளிப் பற்றாசு கொண்டு இணைப்பர். ஈயப் பற்றாசாயின் நீர் வற்றிய கலத்தின் சூட்டில் உருகிவிடும். பித்தளை உருளையினுள் ஆடுதண்டு முன்னும் பின்னும் இயங்கும். எளிய பொறிகளில் அவ்வுருளையே ஊசல்போல் அசையும். ஒருபுறம் அசையுங்கால் அதன் துளை ஆவி வரும் துளையோடு பொருந்தும். ஆவி உட்புகுந்து தண்டைத் தள்ளும். மறுபுறம் அசையுங்கால் அத்துளை வெளிவாயிலோடு பொருந்தும். வேலை முடித்த ஆவி வெளியேறும். தண்டின் நேர்ப்போக்கை வளைந்த அச்சு சுழற்சியாக மாற்றும். ஆவி தள்ளாத இடைவேளையிலும் கனத்த சக்கரம் தான் பெற்ற வேகத்தாற் சுழன்று, தண்டை மீண்டும் உருளைக்குள் செலுத்தும்.

கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு இது பொறுமை வேண்டும் தொழிலாகும். தண்டு உருளையில் இறுகினால் பொறி அசையாது. தளர்ந்தால் ஆவி வீணே கசியும். கடைசல் எந்திரத்தில் மயிரிழையளவும் பிறழாமற் கடைந்தவரே பொறி சுழலக் காண்பர்.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது பழமொழி. அதற்குச் சான்றாவது ஜேம்ஸ் வாட் என்பாரின் வரலாறு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகோமன் பொறியின் சிற்றுருவம் ஒன்று இருந்தது. அதன் உருளை இரண்டு அங்குல விட்டமே உடையது. 1763-64-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதனைப் பழுதுபார்த்த வாட், சில முறை இயங்கியதும் அது நின்றுவிடக் கண்டார். பழுது இல்லாதபோதும் அது நிற்பானேன் என்று ஆராய்ந்தார். உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்கிக் குளிர்விப்பதால் ஆவியின் பெரும்பகுதி வீணாவதை அறிந்தார். பருமனை நோக்கச் சிறிய உருளைக்கு மேற்பரப்பு மிகுதியாகலின், பெரிய பொறியில் மறைந்திருந்த குறை சிறியதில் வெளிப்பட்டது. ஆவியைத் தனிக் கலத்திற் குளிர்விக்கும் முறையை அவர் 1765-இல் கண்டு, 1769-இல் காப்புரிமை பெற்றார். நீராவிப் பொறியின் பெருவளர்ச்சிக்கு அச்சிற்றுருவமே வித்தாயிற்று.

சிறிய பொறியாயினும் அதனை விளையாட்டாக எண்ணுதல் தகாது. புதிய கொதிகலனில் உடனே தீ மூட்டலாகாது. முதற்கண் காற்றுச் சிறிதும் இல்லாதபடி குளிர்ந்த நீரால் அதனை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தம் ஏற்றிச் சோதிப்பர். நீர் எளிதிற் சுருங்காததாகலின், கலம் பிளந்தாலும் நீர் ஒழுகுமேயன்றி ஆவிபோல் வெடித்துச் சிதறாது. மிகுந்த ஆவியை வெளிவிட, விற்சுருளால் அழுத்திய சிறு குண்டுடன் காப்பு வால்வு ஒன்று அமைப்பர். அதனை இறுக அடைப்பது உயிருக்கே கேடாம். கலத்தில் நீர் வற்றவும் விடலாகாது. உவர்நீர் உள்ளே உப்புப் படியச் செய்யுமாதலால் மழைநீரே ஏற்றது. தகரக் குவளையையோ கண்ணாடிப் புட்டியையோ மூடிக் காய்ச்ச ஒருபோதும் முயலற்க. தொழில் அறிந்த பெரியோர் உடனிருக்கவே மாணவர் பொறியை இயக்குதல் வேண்டும்.

இவ்வெச்சரிக்கை மிகையன்று. 2020-ஆம் ஆண்டு மே, சூலைத் திங்கள்களில் நெய்வேலி அனல்மின் நிலையக் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். பல மாடி உயரமுள்ள கொதிகலனுக்கும் ஒரு சாண் நீளமுள்ள கொதிகலனுக்கும் இயற்கையின் விதி ஒன்றே. அவ்விதியை இளமையிலேயே கையாற் செய்து கண்ணாற் கண்டு உணர்ந்தவர், நாளை பெரும் பொறிகளின் பொறுப்பை ஏற்குங்கால், அவற்றினருகே உழைப்போரின் உயிரையும் காக்க வல்லவராவர்.