அபாயத்தோடு அரணையும் அளவிடுகிறோம்

நீதிமன்ற ஆணையின்பேரில் எங்கள் பிரிவில் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர்: "எப்போது வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்? மீண்டும் அப்படி நடந்துவிடுமோ?" வீடு திரும்புவது குறித்து முடிவெடுப்பது நீதிமன்றமே. அம்முடிவுக்கு உதவும் மதிப்பீட்டை நாங்கள் அளிக்கிறோம்.

மனநோய் உள்ளவர்களுள் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. முன்பு வன்முறையில் ஈடுபட்டிருத்தல், மது அல்லது போதைப்பொருள் பழக்கம், மருந்தை இடையில் நிறுத்துதல், பிறர் தமக்குத் தீங்கு செய்கின்றனர் என்ற உறுதியான ஐயம் ஆகியவை அபாயத்தை உயர்த்துகின்றன. இவற்றை ஆராய, கனடாவில் 1995ஆம் ஆண்டு வெளியான 'எச்.சி.ஆர்.-20' என்னும் முறை பல நாடுகளில் பயன்படுகிறது. அதன் 20 கூறுகளுள் 10 கடந்த காலத்தைச் சார்ந்தவை.

கடந்த காலத்தை எவராலும் மாற்ற இயலாது. அதை மட்டுமே நோக்கினால், ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகச் சிகிச்சை பெற்றவரும் பழைய மனிதராகவே தோன்றுவார். ஆகவே அவரை வன்முறையிலிருந்து விலக்கி வைக்கும் பாதுகாப்புக் காரணிகளையும் கணக்கில் கொள்கிறோம். நெதர்லாந்தில் 2007ஆம் ஆண்டு உருவான 'சாப்ரோஃப்' என்னும் முறை இத்தகைய 17 காரணிகளை வகுத்துள்ளது. தன்னடக்கம், பிறர் துன்பத்தை உணர்தல் முதலிய 5 அகக் காரணிகள். வேலை, பணத்தைக் கையாளும் திறன், மருந்து உட்கொள்ளுதல், வாழ்க்கை இலக்கு முதலிய 7 ஊக்கக் காரணிகள். உறவினர், தங்குமிடம், மருத்துவக் கண்காணிப்பு முதலிய 5 புறக் காரணிகள். அறிவுத்திறன், குழந்தைப் பருவத்துப் பிணைப்பு ஆகிய இரண்டைத் தவிர ஏனைய 15 காரணிகளும் சிகிச்சையாலும் முயற்சியாலும் மாறக்கூடியவை.

தொடக்கத்தில் பூட்டிய கதவும் செவிலியரின் கண்காணிப்புமே நோயாளிக்கு அரண். நாளடைவில் அவரே மருந்தைக் கேட்டு வாங்குகிறார், தொழிற்பயிற்சிக்குச் செல்கிறார், காதில் குரல் கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். புறத்தே இருந்த அரண் சிறிது சிறிதாக அகத்தே அமைகிறது. அதற்கேற்பவே கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தப் பரிந்துரைக்கிறோம்.

இம்மதிப்பீட்டில் குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு. மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்? பகற்பொழுதை அவர் எவ்வாறு கழிப்பார்? வீட்டில் மது அருந்துவோர் உளரா? தாக்கப்பட்டவர் அதே வீட்டில் வாழ்கிறாரா? இவற்றைக் கேட்பது உங்களைக் குறைகூறுவதற்காக அன்று. விடுதலை தாமதமாகுமோ என்று அஞ்சிச் சிலர் உண்மையை மறைக்கின்றனர். முன்பு மாத்திரையை நிறுத்தியது எங்களுக்குத் தெரிந்தால், மாதந்தோறும் செலுத்தும் ஊசி போன்ற மாற்று வழியைத் திட்டமிட இயலும். மறைக்கப்பட்ட அபாயத்துக்கு எங்களால் காப்புத் தேட இயலாது.

"அவரை ஏற்க எங்களால் இயலாது, அச்சமாக இருக்கிறது" என்று நீங்கள் கூறினால், அதையும் மதிக்கிறோம். அச்சத்தோடு ஏற்ற வீடு அரணாகாது. அந்நிலையில் வேறு தங்குமிடம் குறித்துச் சமூகப் பணியாளருடன் சேர்ந்து ஆராய்வோம்.

எம்மதிப்பீடும் சோதிடம் அன்று. வாழ்க்கைச் சூழல் மாறும்போது அதுவும் மாறும். எனவே குறித்த கால இடைவெளியில் மீண்டும் செய்கிறோம். வீடு திரும்பியபின் உறக்கம் குறைதல், தனியே பேசுதல், மருந்தை மறுத்தல், பழைய ஐயம் தலைதூக்குதல் ஆகியவற்றைக் கண்டால் அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள். முன்கூட்டிச் சொல்லும் ஒரு சொல், அவரையும் உங்களையும் காக்கும்.