ஒரு பாடமும் பல ஆசிரியர்களும்

இன்டெல் குடும்பத்துச் செயலி எத்துணை நவீனமானதாயினும், மின்சாரம் பாய்ந்த முதற்கணத்தில் 1978-இல் வெளிவந்த 8086 என்னும் தன் மூதாதையின் சுபாவத்தோடேயே விழித்தெழுகிறது. பத்து லட்சத்துச் சொச்சம் பைட் நினைவகத்தையே எட்டவல்லதும், எந்த நிரலும் எந்த இடத்திலும் எழுதிவிட்டுப் போகலாம் என்று விட்டுவைப்பதுமான அந்தப் பழைய நிலையிலிருந்து, நிரலுக்கு நிரல் எல்லை வகுத்து அதிகாரத்தை நான்கு படிகளாகப் பிரித்துவைக்கும் புரொடெக்டட் மோட் என்னும் காப்பு நிலைக்கு அதனை அழைத்துச்செல்லும் பொறுப்பு, இயங்குதளம் எழுதப் புகுந்தவனைச் சேர்ந்தது. 1982-இல் 80286 செயலியோடு வந்த இந்த ஏற்பாடு, 1985-இல் 80386 வந்தபோது நானூறு கோடி பைட்டுக்கு மேற்பட்ட பரப்பை ஆளும் அளவுக்கு விரிந்தது.

இந்தப் பிரவேசத்துக்கு வேண்டிய கட்டளைகள் ஒரு பக்கத்தை நிரப்பா. இன்டரப்ட் எனப்படும் குறுக்கீடுகளை நிறுத்தி, நினைவகத் துண்டங்களை வர்ணிக்கும் ஜிடிடி அட்டவணை இருக்குமிடத்தைச் செயலிக்குத் தெரிவித்து, சிஆர்0 என்னும் பதிவகத்தின் கடைக்கோடி பிட்டை 1 ஆக்கி, உடனே புதிய துண்டத்துக்குள் ஒரு தாவலைச் செய்தால் காரியம் முடிந்தது. ஆனால் இவற்றுள் ஏதேனும் பிசகினால், செயலி ஒரு பிழையை எழுப்பி, அதைக் கவனிக்க நிரல் இல்லாமையால் இரண்டாவதை எழுப்பி, அதையும் கவனிப்பாரில்லை என்று கண்டதும் இயக்கத்தைக் கைவிட்டுவிட, கணிப்பொறி மறுபடி முதலிலிருந்து துவங்கும். தவறு எங்கே நேர்ந்தது என்பதற்கு ஓரெழுத்துக்கூடத் திரையில் வராது.

அந்த ஜிடிடி அட்டவணையின் ஒரு வரியைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். எட்டே பைட் நீளமுள்ள அவ்வரியில், துண்டம் தொடங்கும் முகவரி, பாகப்பிரிவினையில் சிதறிப்போன குடும்ப நிலத்தைப் போல், மூன்று பைட் நடுவிலும் ஒரு பைட் கடைசியிலுமாகக் கிடக்கிறது; துண்டத்தின் அளவும் அவ்வாறே இரண்டு கூறாகப் பிரிந்திருக்கிறது. கையேட்டை மட்டும் படிப்பவனுக்கு இது வடிவமைத்தவர்களின் விபரீத புத்தியாகவே தோன்றும். உண்மையில், 24 பிட் முகவரியோடு நின்ற 80286-இல் கடைசி இரண்டு பைட்டுகளும் பிற்காலத்துக்கென்று காலியாக விடப்பட்டிருந்தன. 32 பிட் முகவரி வேண்டியிருந்த 80386, பழைய நிரல்கள் கெடாதிருக்கும்பொருட்டு, எஞ்சியவற்றை அந்தக் காலி இடத்தில் திணித்துக்கொண்டது. கையேடு அமைப்பைக் கூறும்; அதன் பூர்வோத்தரத்தைக் கூறாது. பாடம் எழுதுவோருக்கு வேலை இருப்பது இங்கேதான்.

அத்தகைய பாடங்களைச் சேர்ந்து எழுதியவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர்கள் வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் என்னும் தம்பதியர். யூனிக்ஸை 80386 செயலிக்குக் கொண்டுவரும் பிரயத்தனத்தை, 1991 ஜனவரி முதல் அமெரிக்காவின் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' பத்திரிகையில் அவர்கள் தொடராக எழுதினார்கள். அதன் பலனாக 1992-இல் வெளிவந்த 386பிஎஸ்டி என்னும் இயங்குதளத்திலிருந்து, அடுத்த ஆண்டே நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் கிளைத்தன. கணவனும் மனைவியும் ஒரே நிரலை முன்வைத்து எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. முதல் அத்தியாயம் செயலியை எந்த நிலையில் விட்டதென்று இரண்டாம் அத்தியாயத்துக்குத் தெரியும்.

ஒருவரையொருவர் அறியாத பலர் ஆளுக்கொரு பாடம் எழுதும்போதோ, ஆபத்து பாடங்களுக்குள் இருப்பதில்லை. ஒரு பாடம் முடிந்து மற்றொன்று தொடங்கும் பொருத்தில் இருக்கிறது. முதலாமவர் குறுக்கீடுகளை நிறுத்தியபடியே காப்பு நிலை புகுந்து, திரையில் ஓரெழுத்தை அச்சிட்டு, வெற்றி என்று முடித்துவிடுகிறார். இரண்டாமவர், குறுக்கீடுகள் ஒழுங்காக அமைந்திருப்பதாக எண்ணி அவற்றைத் திறந்துவிடுகிறார். வினாடிக்குச் சுமார் 18 முறை தட்டும் கடிகாரச் சில்லின் முதல் தட்டு, எட்டாம் எண் குறுக்கீடாக வந்து சேர்கிறது. முதல் 32 எண்களைத் தனக்கென்று இன்டெல் ஒதுக்கியிருந்தும், ஐபிஎம் தன் 1981-ஆம் ஆண்டுக் கணிப்பொறியில் எட்டாம் எண்ணைக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிட்டது. பின்னர் வந்த 80286-இல் அதே எண் இரட்டைப் பிழைக்கு உரியதாயிற்று. ஆகவே வாசகன், கடிகாரம் தட்டியதைப் பெரும்பிழை என்று கருதி, தவறே இல்லாத தன் அட்டவணையை இராமுழுதும் துருவிக்கொண்டிருப்பான்.

அட்டவணை அழிந்துபோவது இதைவிடக் கபடமானது. துண்டங்களின் விவரத்தைச் செயலி தனக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொள்வதால், ஜிடிடி இருந்த இடத்தில் அடுத்த பாடத்தின் நிரல் வேறெதையோ எழுதிவிட்டாலும் வேலை தடையின்றி நடக்கும். துண்டப் பதிவகம் ஒன்றை மீண்டும் நிரப்புகிற கணத்தில்தான் எல்லாம் கவிழும்.

என் அபிப்பிராயத்தில், கூட்டாகப் பாடம் எழுத முனைவோர் விளக்கத்தின் அழகைப் பற்றி வாதிப்பதற்கு முன், ஒவ்வொரு பாடமும் இயந்திரத்தை எந்த நிலையில் ஒப்படைக்கிறது என்பதை எழுதிவைத்துவிட வேண்டும். இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. இயங்குதளத்தை ஏற்றும் நிரலுக்கும் ஏற்றப்படும் இயங்குதளத்துக்கும் இடையே, 1995-இல் பிரையன் ஃபோர்டும் எரிக் போலினும் வகுத்த மல்டிபூட் என்னும் உடன்படிக்கை அத்தகையது. காப்பு நிலை வந்துவிட்டது, பேஜிங் எனப்படும் பக்கமுறை இன்னும் தொடங்கவில்லை, குறுக்கீடுகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன, இருபத்தொன்றாம் முகவரிக் கம்பி திறந்திருக்கிறது என்று அது வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. ஜிடிடியின் இருப்பிடம் செல்லாததாக இருக்கக்கூடும் என்பதால், சொந்த அட்டவணையை அமைத்துக்கொள்ளும்வரை எந்தத் துண்டப் பதிவகத்தையும், அதே மதிப்பைக் கொண்டேயாயினும், மீண்டும் நிரப்பலாகாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு.