பொறிவண்டும் கத்தரி வண்டும்

மாத்தளை மாவட்டத்தின் தம்புள்ளை, கலேவெல, நாவுலப் பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் அருகருகே பயிராகின்றன. ஆதலின் இப்பகுதிக் கமக்காரர், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவகை வண்டுகளைக் காண்பர். ஒன்று பயிரைக் காப்பது. மற்றது பயிரைத் தின்பது. இரண்டையும் ஒன்றெனக் கருதி மருந்தடிப்பதால் விளையும் நட்டம் சிறிதன்று.

நெல்வயலில் மிகுதியாகக் காணப்படுவது மைக்கிராஸ்பிஸ் டிஸ்கலர் என்னும் பொறிவண்டு. உடல் பிளந்த பயறு போற் குவிந்து, செம்மஞ்சள் நிறமாய், மெருகிட்டாற்போற் பளபளக்கும். புள்ளிகள் இல்லை. சிறகுறைகள் இரண்டும் பொருந்துமிடத்தில் மெல்லிய கருங்கோடொன்று ஓடும். இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்காசியா வரை நெல்வயல்களில் இது வாழ்கின்றது. வண்டும் அதன் குடம்பியும் கபிலநிறத் தத்தியின் குஞ்சுகளையும் அழுக்கணவனையும் பூச்சி முட்டைகளையும் உண்ணும்.

நெல் பூக்கும் காலத்தில் இவ்வண்டுகள் கதிர்களிற் கூட்டமாய் ஏறியிருக்கக் கண்டு, பூவை அழிக்கின்றனவென அஞ்சுவோர் பலர். அவை நாடுவது மகரந்தத்தை. இரை குறைந்த வேளையில் அது அவற்றுக்கு உணவாகும். இதற்கென மருந்தடிக்க வேண்டியதில்லை. அடித்தால் இவ்வண்டுகளும் சிலந்திகளும் மடியும். தத்தியோ தடையின்றிப் பெருகும். வயல் வட்டவட்டமாய்த் தீய்ந்தாற்போற் காய்வது தத்தி அவ்வாறு பெருகுவதன் விளைவே.

கத்தரியைத் தாக்கும் வண்டு சற்றுப் பெரியது. முதுகில் 28 கரும்புள்ளிகள் உண்டு. 1775 இல் பப்பிரீசியசு என்னும் அறிஞர் இதற்கிட்ட பெயரும் அதனையே குறிக்கும். ஆயினும் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பது வீண். சில வண்டுகளில் அவை குறைந்தும், சிலவற்றில் ஒன்றோடொன்று இணைந்தும் இருக்கும். மேனியைப் பார்த்தலே நன்று. நுண்மயிர் போர்த்து, பளபளப்பின்றி மங்கலாயிருப்பின் அது கத்தரி வண்டு. இந்தியா, சீனா, யப்பான், அவுஸ்திரேலியா வரை இது பரந்துள்ளது.

இதன் குடம்பி மஞ்சள் நிறமானது; உடலெங்கும் கிளைத்த முட்களை உடையது. வண்டும் குடம்பியும் இலையின் பசுமையைச் சுரண்டி, நரம்பை மட்டும் வலைபோல் விட்டுச்செல்லும். பாகல், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் தாக்கும். வேலியோரத்துச் சுண்டை, மணித்தக்காளிச் செடிகளிலும் தங்கியிருக்கும்.

கத்தரித் தோட்டத்தை வாரத்தில் இருமுறை சுற்றி, இலைகளின் கீழ்ப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நிமிர்ந்து நெருங்கிய மஞ்சள் முட்டைக் கூட்டங்கள் உள்ள இலைகளைக் கிள்ளி அழித்துவிடுங்கள். குடம்பிகளையும் வண்டுகளையும் பொறுக்கிச் சவர்க்கார நீரில் இடுங்கள். சிறு தோட்டத்துக்கு இதுவே போதும். குடம்பிகளுள் சில கபில நிறமாய் விறைத்து இலையில் ஒட்டியிருப்பின் அவற்றைத் தொடவேண்டாம். அவற்றினுள் வளர்வது நுண்ணிய குளவி. வெளிவந்ததும் அது ஏனைய குடம்பிகளைத் தேடிச் சென்று முட்டையிடும்.