உங்களுக்குத் தெரியுமா? – கோர்ட்டுப் படியேறிய உரிமைகள்

கெடாவில் குருணுக்குத் தெற்கே இருக்கும் பீடோங்கில், 1947 பிப்ரவரி இறுதியில் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டார்கள். ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி வளர்த்த தொண்டர் படைதான் பின்னால் நின்றது. போலீஸ் தடியடியில் ஒரு தொழிலாளியின் உயிர் போனது. கூடுவது எங்கள் உரிமை என்று வாதாட, அதற்கு இடம் தரும் அரசியலமைப்பு அன்று இல்லை. ஒன்றுகூடும் உரிமை தரும் 10ஆவது பிரிவு வந்தது 1957இல்.

வந்தும் இழுபறிதான். போலீசுக்கு முன்கூட்டியே அறிவிக்காமல் பேரணி நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்றது 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம். 2014இல் நிக் நஸ்மி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘இந்தத் தண்டனை செல்லாது’ என்றது. மறு ஆண்டே யுனேஸ்வரன் வழக்கில் அதே நீதிமன்றம் ‘செல்லும்’ என்றது! கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1ஆம் தேதி சொன்ன இறுதி வார்த்தை: செல்லாது.

சாம்பசிவம் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உலகெங்கும் சட்ட மாணவர்களுக்குத் தெரியும். அவசரகாலம் தொடங்கிய 1948இல் ஜொகூரில் பிடிபட்டவர். துப்பாக்கி ஏந்தியதாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை. மறுவிசாரணையில், இரண்டையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தை அரசுத் தரப்பு நீட்டியது. தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதை விசாரணையில் நீதிபதிக்குத் துணையாக உட்கார்ந்திருந்த அசெசர்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்குத் தண்டனை விழுந்தது.

லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அதை ரத்து செய்தது. ஒருவரை விடுதலை செய்த தீர்ப்பு, அதே இரு தரப்பினருக்கிடையே பின்னால் நடக்கும் எந்த விசாரணையிலும் அரசைக் கட்டுப்படுத்தும் என்றார் லார்ட் மெக்டெர்மட். இந்திய உச்ச நீதிமன்றமும் 1956இல் பிரீத்தம் சிங் வழக்கில் இதையே பின்பற்றியது. பிரிவி கவுன்சில் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு, 1949 மே மாதம்தான் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியைப் புடு சிறையில் தூக்கிலிட்டிருந்தார்கள். இந்த இரண்டையும் ஒருசேரப் படித்தால் தூக்கம் வராது.

தமிழ்ப்பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குப் போட்டன. தேசிய மொழி பற்றிய 152ஆவது பிரிவுதான் அவர்களின் ஆயுதம். 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 500க்கும் மேற்பட்ட நம் பள்ளிகளின் தலைக்கு மேல் இத்தனை ஆண்டு கத்தி தொங்கியது, பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

ஈப்போ பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை, 2009இல் கணவர் தன்னிச்சையாக மதம் மாற்றினார். இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். சட்டம் வென்றது. தகப்பன் தூக்கிச்சென்ற கடைசிக் குழந்தை மட்டும் தாயிடம் வந்து சேரவில்லை.

தோட்டப்புறத்தில் பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறந்ததுமே கைவிடப்பட்டு, பெற்றவர் யாரென்றே தெரியாத குழந்தைக்குச் சட்டப்படியே குடியுரிமை உண்டு என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. இந்த வழியை அடைக்க ஒரு சட்டத்திருத்தம் கிளம்பியது. எதிர்ப்பு வலுக்கவே 2024இல் அரசு அதைக் கைவிட்டது. ஆனால் தாய் யாரென்று தெரிந்து, அவரிடமும் ஆவணம் இல்லையென்றால் இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. அந்தப் பிள்ளைகள் தேசியப் பதிவு இலாகாவில் தனி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.