வீட்டுக்குள் மட்டும் வாழும் மொழி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கப்படும் கேள்விகளில் மிக எளியதாகத் தோன்றுவது, 'உங்கள் தாய்மொழி என்ன?' என்பதுதான். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அதற்கு விடை சொல்வது அத்தனை எளிதாக இருக்கவில்லை. 2011 கணக்கெடுப்புக்கு வந்த ஆசிரியையிடம் நான் 'தெலுங்கு' என்றேன். அருகில் நின்ற ஏழு வயதுப் பேத்தி, 'தாத்தா, நாம தமிழ்தானே?' என்றாள். ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

கணக்கெடுப்புத் துறையின் விளக்கப்படி, குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழியே அவரது தாய்மொழி. என் தாய் என்னிடம் தெலுங்கில் பேசினார். என் மருமகள் தன் மகளிடம் தமிழில் பேசினார். ஆகவே பேத்தி சொன்னதிலும் பிழையில்லை. நான் சொன்னதிலும் பிழையில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் நிறைவுபெற இருக்கிறது. அதே கேள்வி மீண்டும் வாசலுக்கு வரும் முன்பாக, அதற்குப் பின்னால் உள்ள நெடிய வரலாற்றைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியபோதும், 1529-ஐ ஒட்டி மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்கியபோதும், 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்த பின்னரும் தெலுங்கு பேசும் மக்கள் அலை அலையாகத் தென் தமிழகத்துக்கு வந்தனர். போர்வீரர், உழவர், நெசவாளர், வணிகர், கைவினைஞர், அவர்களுக்கு ஏவல் செய்தோர் எனப் பல திறத்தாரும் அதில் இருந்தனர். மதுரை நாடு 72 பாளையங்களாகப் பகுக்கப்பட்டது. பாளையம் என்றால் படை தங்கிய இடம். ராஜபாளையத்தின் பெயரும், அதன் உட்பகுதிகளான பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை ஆகியவற்றின் பெயர்களும் அந்தக் காலத்தின் எச்சங்கள். ராஜுக்கள் எனப்படும் குடியினர் ஆந்திரத்திலிருந்து வந்து இங்கே ஊர் அமைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோத்திரமும், 'இண்டிப்பேரு' எனப்படும் வீட்டுப்பெயரும் அவர்களுடைய திருமணப் பேச்சில் இன்றும் முதலில் கேட்கப்படுகின்றன.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழுக்கும் தெலுங்குக்கும் இடையிலான உறவுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய பெருங்காப்பியம் 'ஆமுக்தமால்யதா'. அதன் பொருள் 'சூடிக் கொடுத்தவள்'. பெரியாழ்வாரும் ஆண்டாளுமே அதன் தலைமை மாந்தர்கள். தெலுங்கு இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அந்நூல், வில்லிபுத்தூரின் வருணனையை முதற்பகுதியிலேயே விரிக்கிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஆண்டுதோறும் புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது திருமலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. மாநில எல்லைகள் மாறிய பின்னரும் அந்த வழக்கம் தொடர்கிறது.

எல்லைகள் மாறிய கதையிலும் ராஜபாளையத்துக்கு ஓர் இடம் உண்டு. இவ்வூரில் 1898-இல் பிறந்த பூ.ச.குமாரசாமி ராஜா, 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தார். ஆந்திரர் தனி மாநிலம் கோரிய காலம் அது. மாகாணத்தைப் பிரிப்பது குறித்து ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவரே தலைவர். அந்தக் குழுவில் இருந்த ஆந்திரத் தலைவர் த.பிரகாசம், சென்னை நகரம் பற்றிய கேள்வியில் மாறுபட்டு நின்றார். வீட்டில் தெலுங்கு பேசிய ஒருவர், தெலுங்கு நாட்டைப் பிரிக்கும் குழுவின் தலைமையில் அமர்ந்திருந்தார். எங்கே கோடு கிழித்தாலும் அவருடைய ஊர் தமிழ்ப் பக்கத்தில்தான் இருக்கும். அதை அவர் ஒரு குறையாகக் கருதியதாகத் தெரியவில்லை. பின்னர் ஒடிசாவின் ஆளுநராகப் பணியாற்றிய அவர், தம் வீட்டையே ஊருக்குக் காந்தி கலை மன்றமாக வழங்கினார். அவரைத் தெலுங்கர் என்பதா, தமிழர் என்பதா? ராஜபாளையத்தில் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. 'நம்ம ஊர்க்காரர்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தொழிலிலும் இதே கதைதான். பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில், கரிசல் பருத்தியை நம்பியிருந்த இவ்வட்டாரத்தை நூற்பாலை நகரமாக்கியது. அடுத்துள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி நாடெங்கும் செல்கிறது. ஆலைச் சங்கு ஒலித்தபோது உள்ளே சென்றவர்கள் பல சாதியினர்; வீட்டில் பேசிய மொழி வேறாக இருந்தாலும் ஆலைக்குள் பேசிய மொழி தமிழ்.

இவ்வாறு தமிழகத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 42 லட்சம் பேர், மக்கள்தொகையில் 5.87 விழுக்காடு. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் மொழியின் நிலையை எண் சொல்லாது. எங்கள் அவ்வாவுக்குத் தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பால் கணக்கைத் தமிழில் எழுதினார்; பேரப்பிள்ளைகளைத் தெலுங்கில் திட்டினார்; ஆண்டாளிடம் தமிழில் பாடிவிட்டு, குறைகளைத் தெலுங்கில் சொன்னார். எழுத்து இல்லாமல், பள்ளி இல்லாமல், செய்தித்தாள் இல்லாமல், சமையலறையிலும் திண்ணையிலும் மட்டுமே ஒரு மொழி இத்தனை தலைமுறைகள் பிழைத்திருந்தது பெரும் வியப்பு. அதைக் காத்தவர்கள் அரசர்களோ புலவர்களோ அல்லர், பெண்கள்.

இளமையில் ஒரு திருமணத்துக்காக விஜயவாடா சென்றிருந்தேன். கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் விலை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, 'நீங்கள் தமிழ்நாடா?' என்று தெலுங்கில் கேட்டார். அவர்கள் கைவிட்ட சில சொற்கள் என் பேச்சில் இருந்தன. அவர்களுக்குப் புரியாத தமிழ்ச் சொற்கள் அதைவிட மிகுதியாக இருந்தன. இங்கே எங்களைத் தெலுங்கர் என்கிறார்கள். அங்கே தமிழர் என்றார்கள். ஊர் திரும்பியபோது மேற்கே மலைத்தொடர் தெரிந்ததும் மனம் தானாக ஆறியது. என் ஊர் எது என்பதில் அதன்பின் எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

அண்மைக்காலமாக 'வந்தேறி' என்னும் சொல் அரசியல் மேடைகளில் தாராளமாகப் புழங்குகிறது. வந்தவர்கள் என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் படையோடும் அதிகாரத்தோடும் வந்தனர் என்பதும், அந்த அதிகாரத்தால் நிலமும் செல்வாக்கும் பெற்றனர் என்பதும் உண்மை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், எல்லோரும் அப்படி வரவில்லை. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அருந்ததியர், நிலமும் இன்றி, தீண்டாமையின் அடித்தட்டில் தள்ளப்பட்டு வாழ்ந்தனர். 2009-இல் தமிழக அரசு அவர்களுக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. அதை எதிர்த்தவர்களில் சிலரும் அதே 'வந்தேறி' என்ற சொல்லைத்தான் கையிலெடுத்தனர். அரண்மனைக்கு வந்தவரையும், துப்புரவுப் பணிக்குத் தள்ளப்பட்டவரையும் ஒரே சொல்லால் அடிப்பது வரலாறும் ஆகாது, நீதியும் ஆகாது. ராஜுக்களின் கோத்திரமும் வீட்டுப்பெயரும் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டிருக்கின்றன. அருந்ததியர் குடியிருப்புகளில் வாழும் தெலுங்கையும் அவர்களின் நினைவுகளையும் பதிந்துவைக்க முன்வந்தவர்கள் மிகச் சிலரே.

இந்தக் குடிபெயர்வை இலக்கியமாக்கியவர் கி.ராஜநாராயணன். தெலுங்கு நாட்டிலிருந்து புறப்பட்டு வந்து கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கிய மக்களின் கதையை 1976-இல் 'கோபல்ல கிராமம்' என்னும் நாவலாகத் தந்தார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவற்றைத் தமிழில்தான் எழுதினார். அதனால் தமிழ் உரைநடை வளம் பெற்றது. வீட்டில் ஒரு மொழியும் ஏட்டில் ஒரு மொழியுமாக வாழ்ந்தவர்கள் தமிழுக்கு ஊறு செய்யவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதே நிகழ்வை நாம் மறுபக்கத்திலிருந்தும் அறிவோம். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீமிதிக்கின்றனர், ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. மொரீஷியஸ் பணத்தாளில் தமிழ் இருக்கிறது; அங்குள்ள தமிழர் வீடுகளில் ஒலிப்பது பெரும்பாலும் கிரியோல். இவற்றைக் கேட்கும்போது நம் நெஞ்சம் கனக்கிறது. தமிழ் கற்பிக்க ஆசிரியர்களை அனுப்ப வேண்டும் என்கிறோம். அந்தப் பரிவில் ஒரு சிறு பங்கை அடுத்த தெருவில் அடங்கிக்கொண்டிருக்கும் மொழிக்கும் தரலாகாதா?

நான் கோருவது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் வாழும் எவரும் தமிழ் கற்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு கிடையாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யும்படி அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகிறது. ஆயினும், வீட்டில் தாய் பேசாத மொழியைச் சட்டப் பிரிவு காப்பாற்றிவிடாது. முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய பேச்சையும் கதைகளையும் தாலாட்டுகளையும் திருமணப் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்யலாம். ஒரு கைப்பேசி போதும். கேட்டதைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவைக்கலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. நம் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் கரிசல் வட்டாரத் தெலுங்குக்கு, சாதிவாரியாகவும் ஊர்வாரியாகவும், ஒரு சொல்லகராதி தொகுக்கலாம். அதில் அருந்ததியர் தெருவின் சொல்லுக்கும் கோட்டைத் தெருவின் சொல்லுக்கும் சமமான இடம் வேண்டும்.

பேத்தி இப்போது பெங்களூரில் பணிபுரிகிறாள். அங்கே உடன் தங்கியிருக்கும் பெண் ஆந்திரத்தைச் சேர்ந்தவர். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, 'தாத்தா, தண்ணிக்கு அவ்வா என்ன சொல்லுவாங்க?' என்று கேட்டாள். 'நீள்ளு' என்றேன். 'அவளும் அதேதான் சொல்றா' என்று வியந்தாள். அன்றிலிருந்து வாரம் பத்துச் சொற்களை எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன், தமிழ் எழுத்தில். கணக்கெடுப்புக்கு வருபவரிடம் அவள் 'தமிழ்' என்றே சொல்லட்டும். அவளுக்கு அதுவே உண்மை. 'தெரிந்த பிற மொழிகள்' என்று அதே படிவத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. அங்கே 'தெலுங்கு' என்று அவள் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பத்துச் சொற்கள்.