பையன் கெட்டிக்காரன்தான்... ஆனா, ஆபீஸ்ல ஏன் தவிக்கிறான்?

ராத்திரி பதினோரு மணி. ஜெர்மனியிலிருந்து பையன் வீடியோ காலில் வருகிறான். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"சாப்பிட்டியா கண்ணா?"

"ம்... பிரெட்."

அம்மாவுக்குத் தொண்டை அடைக்கிறது. மெல்ல மெல்ல விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் மேலதிகாரி, 'இந்த வேலை சரியில்லை. இன்ன இன்ன இடத்தில் தப்பு' என்று பட்டென்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து தூக்கமில்லை. வயிற்றில் எரிச்சல். திங்கட்கிழமை என்றாலே நெஞ்சு படபடக்கிறது.

"வேலையை விட்டுட்டு வந்துடறேம்மா..."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "சின்ன வயசிலேர்ந்தே இவன் கூச்ச சுபாவம். நாலு பேரோட பழகத் தெரியலை. அதான்!" என்கிறார். அம்மாவோ, "யார் கண்ணு பட்டுதோ!" என்கிறாள்.

அதே ஆபீஸில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. அவளும் கூச்ச சுபாவம்தான். அதே மேலதிகாரியிடம் அதே மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். ஆனால் மத்தியானம் அவரோடேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

காட்சி கற்பனைதான். ஆனால் இதே மாதிரி ஒரு போன்கால் உங்கள் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ வராமல் இருந்திருக்காது. வெளிநாடுதான் என்றில்லை. பாட்னா கிளைக்கு மாற்றலான வங்கி அதிகாரிக்கும், சென்னையிலேயே கொரியா, ஜப்பான் மேலாளர்களிடம் வேலை பார்ப்பவருக்கும் இதே தவிப்புதான்.

அந்தப் பெண்ணிடம் இருப்பது என்ன? பையனிடம் இல்லாதது என்ன?

குணத்தில் ஐந்து அம்சம்

மனிதருடைய குணத்தை மனநல ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பெரிய அம்சங்களாகப் பிரிக்கிறார்கள். புதியதை விரும்பும் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, விட்டுக்கொடுத்துப் போகும் தன்மை, எளிதில் பதறும் தன்மை. இந்த ஐந்தும் எல்லோரிடமும் இருக்கும். அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

'கலகலவென்று பேசுகிறவன்தான் ஆபீஸில் பிழைப்பான்' என்று நாம் நினைக்கிறோம். அதுதான் இல்லை! 1991-ல் பேரிக், மவுன்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அதுவரை நடந்திருந்த ஏராளமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அவர்கள் ஆராய்ந்த எல்லா வகை வேலைகளிலும் நல்ல பலன் தந்த குணம் பொறுப்புணர்வுதான். கலகலப்பு குறிப்பாகக் கைகொடுத்தது விற்பனை, நிர்வாகம் போன்ற வேலைகளில். ஆக, கூச்சம் ஒரு குற்றமே இல்லை.

மன நிம்மதி விஷயத்தில் கணக்கு கொஞ்சம் வேறு. எளிதில் பதறும் தன்மை அதிகம் உள்ளவர்களுக்குக் கவலையும் சோர்வும் சுலபமாக வருகின்றன என்று கோஸ்டா, மெக்ரே என்ற இரு நிபுணர்கள் 1980-லேயே எழுதினார்கள்.

'அப்படின்னா பிறவிக் குணம், ஒண்ணும் செய்ய முடியாதா?' என்கிறீர்களா? குணத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருவது. அதை ஒரே வருஷத்தில் மாற்றிவிட முடியாது, உண்மைதான். ஆனால் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணைக் காப்பாற்றியது குணம் மட்டுமில்லை. கற்றுக்கொள்ளக்கூடிய வேறொன்றும் அவளிடம் இருந்தது.

அது என்ன 'சி.க்யூ.'?

'ஐ.க்யூ.' எல்லோருக்கும் தெரியும். 'சி.க்யூ.' என்று ஒன்று உண்டு. கல்ச்சுரல் இன்டெலிஜென்ஸ். நாம் 'பண்பாட்டுப் பக்குவம்' என்று வைத்துக்கொள்வோம். நம் பழக்கவழக்கங்களிலிருந்து வேறுபட்ட மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்யும் திறமைதான் அது. 2003-ல் கிறிஸ்டோபர் எர்லி என்பவரும், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை சூன் ஆங்கும் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பலரும் ஒரே ஆபீஸில் உட்காரும் ஊரிலிருந்து இந்த ஆராய்ச்சி வளர்ந்தது பொருத்தம்தானே!

இந்தப் பக்குவத்துக்கு நான்கு கால்கள்.

ஒன்று, மனசு: 'இவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும்' என்ற ஆர்வம்.

இரண்டு, விவரம்: அந்த ஊர் வழக்கம், சட்டதிட்டம், மரியாதை முறை தெரிந்திருப்பது.

மூன்று, யோசனை: 'நான் நினைத்தது சரிதானா?' என்று ஒரு நிமிஷம் நின்று, தன்னையே சரிபார்ப்பது.

நான்கு, நடத்தை: இடத்துக்கு ஏற்றபடி பேச்சையும் தொனியையும் மாற்றிக்கொள்வது.

சூன் ஆங்கும் கூட்டாளிகளும் 20 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலைத் தயாரித்து, அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் ஆய்வு செய்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆர்வமும் நடத்தையை மாற்றிக்கொள்ளும் திறனும் உள்ளவர்கள் புது இடத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள், நிம்மதியாகவும் இருந்தார்கள். யோசனையும் நடத்தையும் கைவந்தவர்கள் வேலையில் பிரகாசித்தார்கள். கவனித்தீர்களா? இரண்டு இடத்திலும் விவரம் மட்டும் போதவில்லை. இன்டர்நெட்டில் 'ஜெர்மன் பழக்கவழக்கங்கள்' என்று படித்துவிட்டு விமானம் ஏறினால் மட்டும் காரியம் ஆகாது!

குணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. 2006-ல் இதே குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அந்த நான்கு கால்களோடும் தொடர்புள்ளதாகத் தெரிந்த குணம் ஒன்றே ஒன்று. புதியதை விரும்பும் ஆர்வம்! அந்தப் பெண்ணிடம் இருந்தது அதுதான்.

'சரி சார்' படுத்தும் பாடு

பையனுக்கு எங்கே சறுக்கியது?

நம் ஊரில் மேலதிகாரி, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவியா?" என்றால், முடியாது என்று தெரிந்தாலும், "ட்ரை பண்றேன் சார்" என்போம். அந்த இழுவையிலேயே அவர் புரிந்துகொள்வார். சொல்லாமல் சொல்வது நம் மரியாதை. எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1976-ல் எழுதிய புத்தகத்தில் இதை அழகாகப் பிரித்தார். சில சமூகங்களில் பாதி அர்த்தம் சொல்லில் இருக்காது, சூழ்நிலையில் இருக்கும். அதற்கு அவர் தந்த உதாரணம் ஜப்பான். வேறு சில சமூகங்களில் சொன்னதுதான் அர்த்தம், சொல்லாதது இல்லை. அதற்கு உதாரணம் ஜெர்மனி.

பையனின் 'ட்ரை பண்றேன்' மேலதிகாரி காதில் 'முடித்துவிடுவேன்' என்று விழுந்தது. நம் பக்கத்துத் தலையாட்டல் வேறு அவரைக் குழப்பியது. வெள்ளிக்கிழமை வேலை முடியவில்லை. 'முடியாது என்று புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே' என்பது அவர் வருத்தம். 'எல்லார் எதிரிலும் மானத்தை வாங்கிட்டாரே' என்பது இவன் வருத்தம். வேலையில் உள்ள தப்பை நேராகச் சொல்வது அவர் வழக்கத்தில் அவமரியாதை இல்லை. இருவருமே கெட்டவர்கள் இல்லை.

அந்தப் பெண்ணுக்கும் முதல் நாள் முகம் சிவந்தது. ஆனால் அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள்: 'இவர் என்கிட்ட மட்டும்தான் இப்படிப் பேசறாரா, எல்லார்கிட்டயுமா?' ஒரு வாரம் கவனித்தாள். தன் ஊர்க்காரர்களிடமும் அவர் அப்படியே பேசினார்! அவளுடைய பாதி பாரம் அன்றே இறங்கிவிட்டது.

உடம்பு சொல்லும் பாஷை

சூழ்நிலை புரியாதபோது மூளை அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின், கார்ட்டிசால் ஹார்மோன்கள் கூடுகின்றன. ஓரிரு நாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் தூக்கம் கெடும். தலைவலி, வயிற்றுக் கோளாறு, எரிச்சல், மறதி எல்லாம் வரிசையாக வரும். தூக்கம் கெட்டால் வேலையில் தப்பு, தப்பு நடந்தால் மறுபடி திட்டு, திட்டினால் மறுபடி தூக்கம் போச்சு! வேலைத்திறனும் ஆரோக்கியமும் இப்படித்தான் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்குகின்றன.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியல் அறிஞர் 1954-ல் பிரேசில் நாட்டின் ரியோ நகர மகளிர் சங்கத்தில், வெளியூரில் குடியேறிய பெண்மணிகளுக்காக ஒரு சொற்பொழிவு ஆற்றினார். 'கல்ச்சர் ஷாக்' என்பது ஒரு வியாதி மாதிரி, அதற்கும் அறிகுறிகள் உண்டு என்றார். அடிக்கடி கை கழுவுவது, தண்ணீரையும் சாப்பாட்டையும் பற்றி அளவுக்கு மீறிய பயம், சின்ன வலிக்கும் பெரிய கவலை, ஊருக்குப் போய் ஒரு நல்ல காபி குடிக்க மாட்டோமா என்ற ஏக்கம்... நம் பிள்ளைகளின் ஃபில்டர் காபி ஏக்கத்துக்கு இவ்வளவு பழைய சாட்சி!

மறு வருஷமே, அமெரிக்கா போய் வந்த 200 நார்வேக்காரர்களை விசாரித்த ஓர் ஆய்வை லிஸ்கார்ட் என்பவர் வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் சுகமாக இருந்தார்கள். ஆறு முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள்தான் தவித்தார்கள். அதற்கும் மேல் தங்கியவர்கள் பழகிவிட்டார்கள். எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. போன உடனேயே தவிப்பவர்களும் உண்டு. ஆனாலும், 'முதல் மூணு மாசம் சந்தோஷமா இருந்தானே, இப்ப என்ன கேடு?' என்று கேட்கும் பெற்றோர் இதை மனதில் வைப்பது நல்லது.

பழகிக்கொள்ளலாம், இப்படி!

* புண்படும்படி ஏதாவது நடந்தால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். 'இதற்கு வேறு என்னென்ன அர்த்தம் இருக்கலாம்?' என்று மூன்றாவது யோசியுங்கள்.

* அந்த ஊர்க்காரர் ஒருவரைச் சினேகிதம் பிடியுங்கள். 'அவர் அப்படிச் சொன்னாரே, இங்கே அதுக்கு என்ன அர்த்தம்?' என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு நாலு பேர் வேண்டாம், ஒருத்தர் போதும்.

* 'ட்ரை பண்றேன்' என்பதை மூட்டை கட்டி வையுங்கள். 'வெள்ளிக்கிழமை முடியாது, செவ்வாய்க்கிழமை தருகிறேன்' என்று தேதியோடு சொல்லுங்கள். கிழக்கு ஆசிய மேலாளர்கள் பலரிடம் இதற்கு நேர்மாறு தேவைப்படலாம். கூட்டத்தில் மறுத்துப் பேசாமல் தனியே சொல்வது நல்லது.

* வாரத்தில் ஒரு நாளாவது சக ஊழியர்களோடு சாப்பிடுங்கள். சைவமா? உங்கள் டப்பாவோடு போய் உட்காருங்கள். எலுமிச்சை சாதத்தைப் பார்த்து, 'இது என்ன?' என்று அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள்!

* எளிதில் பதறுகிறவரா? தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். தினம் அரை மணி நடை. சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

* 'ஜெர்மன்காரன்னாலே முரடன்', 'பீகார்க்காரன்னாலே இப்படித்தான்' என்று முத்திரை குத்துவது பண்பாட்டுப் பக்குவம் இல்லை, சோம்பேறித்தனம். ஊர் வழக்கம் ஒரு ஆரம்பக் குறிப்புதான். எதிரில் இருப்பவர் தனி மனிதர்.

முக்கியமான விஷயம் ஒன்று. வழக்கம் வேறு, அவமதிப்பு வேறு. உங்களை மட்டும் குறிவைத்துக் கேலி செய்தாலோ, நிறம், மொழி, மதம் சொல்லி மட்டம் தட்டினாலோ, தவறாக நடந்துகொண்டாலோ, 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ளக் கூடாது. தேதியோடு குறித்து வைத்துப் புகார் செய்யவேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

'பக்கத்து வீட்டுப் பையன் எப்படி இருக்கான் பாரு!' என்ற ஒப்பீடு வேண்டவே வேண்டாம். 'உடனே வந்துடு' என்று பதறுவதும், 'பல்லைக் கடிச்சுட்டு இரு' என்று அதட்டுவதும் ஒரே மாதிரி தவறு. முதலில் முழுசாகக் கேளுங்கள். சம்பளம், இன்க்ரிமென்ட் பற்றிக் கேட்கும் அக்கறையோடு, 'ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?' என்றும் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தாலோ, எதிலுமே பிடிப்பில்லை என்றாலோ, எடை வேகமாகக் குறைந்தாலோ, டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்தியாவில் இருப்பவர்கள், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு டாக்டரையோ உதவி எண்ணையோ அணுகவேண்டும்.

மறுபடி அந்த ராத்திரி பதினோரு மணிக்கு வருவோம். "வேலையை விட்டுட்டு வந்துடறேம்மா" என்கிறான் பையன். இந்த முறை அம்மா பதறவில்லை.

"வரலாம்டா, நம்ம வீடு எங்கேயும் போயிடாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு... அந்த ஆளு உன்கிட்ட மட்டும்தான் அப்படிப் பேசறாரா, எல்லார்கிட்டயுமா?"

பையன் கொஞ்ச நேரம் யோசிக்கிறான்.

"தெரியலையேம்மா... நான் கவனிக்கலை."

"ஒரு வாரம் கவனிச்சுட்டுச் சொல்லு. அப்புறம் முடிவு பண்ணலாம்."